நாலு மோட்டார் சைக்கிளையும் ஒரே காப்புறுதியில் போடலாமா?

வாசகர் கேள்வி:

ஐயா, யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் நாலு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அப்பாவின் பி.எஸ்.ஏ 350, 1950களில் வந்தது. அம்மா பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்வந்த ஹொண்டா சாலி. நான் வேலைக்கு ஓடும் யமஹா எப்.இசட். மகளுடைய ஹொண்டா டியோ. லண்டனில் இருக்கும் அண்ணர் தன்னுடைய பழைய பைக் இரண்டையும் புதியது ஒன்றையும் ஒரே ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறார். வருடத்தில் ஒரு தடவை காசு கட்டினால் சரி, தனித்தனியாகப் போடுவதைவிட மலிவு என்கிறார். இங்கே அப்படிச் செய்யலாமா? எங்கள் முகவர், பி.எஸ்.ஏக்குத் தேர்ட் பார்ட்டி போதும், புல் இன்சூரன்ஸ் வேண்டுமென்றால் 1 லட்சம் ரூபாவுக்கு எழுதலாம் என்கிறார். போன மாதம்தான் ஒருவர் வீடு தேடி வந்து அதை 8 லட்சத்துக்குக் கேட்டார். கல்யாணப் படம் எடுக்கிறவர்களும் நாள் வாடகைக்குத் தரச் சொல்கிறார்கள். இன்னொன்று, அப்பா 2017இல் காலமாகிவிட்டார். பி.எஸ்.ஏயின் புக் (பதிவுப் புத்தகம்) இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் கடிதத்தின் கடைசி வரியில், போகிறபோக்கில் சொல்வதுபோல ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிகம் எழுதப்போவது அதைப் பற்றித்தான். முதலில் கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன்.

இலங்கையில் காப்புறுதி வாகன இலக்கத்தோடு ஒட்டியது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, வீதியில் இறங்கும் ஒவ்வொரு வாகனத்துக்கும் குறைந்தது மூன்றாம் நபர் காப்புறுதி, அதாவது உங்கள் வண்டியால் மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி, இருக்கவேண்டும். உங்கள் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்துப் போடுவதுதான் புல் இன்சூரன்ஸ். பிரதேச செயலகத்தில் வாகனத்துக்கு வருடா வருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் போனால், அந்த இலக்கத்துக்குரிய சான்றிதழைத்தான் கேட்பார்கள். ஆகவே நாலு பைக் என்றால் நாலு சான்றிதழ். கம்பனிகள் தங்கள் வாகனங்களை ஒரே தொகுதியாகப் போடுவது உண்டு. அங்கேயும் சான்றிதழ் ஒவ்வொரு வாகனத்துக்கும் தனியாகத்தான் வரும்.

லண்டனில் அண்ணர் செய்வது வேறு கணக்கு. ஒரே ஆள் ஒரே நேரத்தில் மூன்று பைக் ஓட முடியாது, அதனால் மூன்றுக்கும் சேர்த்து விலையைக் குறைக்கலாம் என்பது அங்குள்ள கம்பனிகளின் யோசனை. பழைய பைக்குக்கு வருடத்தில் இத்தனை மைல்தான் ஓடுவேன் என்று எழுதிக்கொடுத்தால் இன்னும் குறையும். பாவிக்காத வண்டியை வீதியில் இல்லை என்று அரசுக்கு அறிவித்துவிட்டால் காப்புறுதியே கட்டாயமில்லை. 40 வருடம் தாண்டிய வண்டிக்கு வருட வரியும் இல்லை. அதை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. உங்கள் வீட்டிலோ நாலு பைக்கையும் மூன்று பேர் ஓடுகிறீர்கள். காலையில் நீங்கள் எப்.இசட்டில் ஒரு பக்கமும் மகள் டியோவில் இன்னொரு பக்கமும் போவீர்கள். ஒரே ஆள் என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

தனித்தனியாக இருப்பதில் உங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. மகள் டியோவை எங்காவது சாய்த்து ஒரு சின்னக் கோரல் (கிளெய்ம்) செய்தால், குறைவது டியோவின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கோரல் செய்யாத வருடங்களுக்குக் கிடைக்கும் கழிவுதான். எப்.இசட்டில் நீங்கள் வருடக்கணக்காகச் சேர்த்த கழிவு அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டினால், ஒருவர் விழுந்த விழுகைக்கு எல்லா வண்டியும் காசு கட்ட வேண்டிவரலாம்.

நீங்கள் விரும்பியதில் ஒரு பகுதி மட்டும் இங்கேயும் சாத்தியம். எல்லாவற்றையும் ஒரே முகவரிடம் கொடுத்து, புதுப்பிக்கும் திகதியை ஒரே மாதத்துக்குக் கொண்டுவரலாம். நல்லூர்த் திருவிழா முடிகிற மாதம் என்று நான் பலருக்குச் சொல்வதுண்டு. அந்த நேரம் யாருக்கும் ஞாபகம் இருக்கும், மழைக்கு முன்பும் ஆகிவிடும். ஆனால் திகதியை ஒழுங்குபடுத்தவென்று நாலைந்து மாதத்துக்குக் குறுங்காலக் காப்புறுதி எடுத்தால், மாதக் கணக்குப்படி வருகிற தொகையைவிடக் கூடவே கேட்பார்கள். அந்த வித்தியாசத்தை முதலில் கேட்டுப் பாருங்கள். சில நூறு ரூபா என்றால் செய்யலாம். அதற்கு மேல் என்றால் விடுங்கள், கைத்தொலைபேசியில் நாலு நினைவூட்டல் போட்டாலே போதும்.

இனி அந்தக் கடைசி வரி.

காப்புறுதி என்பது உயிரோடிருக்கும் ஒருவரோடு செய்யும் ஒப்பந்தம். பொருள் சேதமானால் தனக்கு நட்டம் என்று சட்டப்படி காட்டக்கூடியவர்தான் அதைச் செய்யலாம். 2017இல் காலமான அப்பாவின் பெயரில் வருடா வருடம் காசு கட்டிச் சான்றிதழ் எடுத்தால், முகவர் தருவார், பத்திரமும் அச்சடித்து வரும், வீதியில் மறிக்கும் பொலிஸும் திகதியைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஒரு நாள் கோரல் செய்யும்போதுதான் முதல் கேள்வி வரும்: சொந்தக்காரர் எங்கே?

நான் முன்பு ஒரு கம்பனியில் கோரல் பிரிவில் இருந்தேன். தென்மராட்சிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கொட்டிலில் நின்ற மோட்டார் சைக்கிள் எரிந்துவிட்டது. புல் இன்சூரன்ஸ், ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருக்கிறார். புக் மாமனார் பெயரில், மாமனார் இறந்து ஆறு வருடம். பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, ரப்பர் வளையம் கட்டிக் கொண்டுவந்திருந்தார். மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வருட ஒழுங்கில் அடுக்கினார். கோரல் மறுக்கப்பட்டது. மறுப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்தான். அன்றிலிருந்து என்னிடம் காப்புறுதி பற்றிக் கேட்கிற எவரிடமும் நான் முதலில் கேட்பது, புக் யார் பெயரில் இருக்கிறது என்றுதான்.

ஆகவே பி.எஸ்.ஏயை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், மூலப் புக், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் தேவைப்படும். அம்மாவும் அண்ணரும் வாரிசுகள். அண்ணர் லண்டனில் இருந்தபடியே சம்மதக் கடிதத்தை அங்குள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் உறுதிப்படுத்தி அனுப்பலாம். எந்தப் படிவம், எந்த ஒழுங்கில் என்று யாழ் மாவட்டச் செயலகத்திலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களக் கிளையில் நேரே போய்க் கேளுங்கள். ஒரு சட்டத்தரணியிடமும் காட்டுங்கள். சொத்து எங்கள் யாழ்ப்பாணத்து மரபுச் சட்டமான தேசவழமைப்படி பிரிகிற குடும்பம் என்றால், பைக்கும் அந்தச் சொத்தில் ஒன்றுதான். அண்ணரோடு நல்ல மாதிரி இருக்கும் இந்தக் காலத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். 8 லட்சம் என்று விலை பேசப்பட்ட பொருள் இது.

பெயர் மாற்றப் போவதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. பைக்கின் எஞ்சின் இலக்கமும் சட்ட (பிரேம்) இலக்கமும் புக்கில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, ஹாண்டில் பொருந்தும் கழுத்துப் பகுதியிலும் சிலிண்டருக்குக் கீழே கிராங் கேஸிலும் படிந்திருக்கும் எண்ணெயழுக்கைத் துடையுங்கள். காய்ந்த பிறகு, பள்ளிக்கூடச் சோக்கட்டியைப் படுக்கையாகப் பிடித்துத் தேய்த்துவிட்டு விரலால் ஒருமுறை தட்டிவிடுங்கள். பள்ளத்தில் சோக் தங்கி இலக்கம் வெள்ளையாக எழும்பிவரும். அதைப் படம் எடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் ஊர்ப் பழைய பைக்குகளின் கதை அப்படி. யுத்த நேரம் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் இவை. உதிரிப்பாகம் வராத வருடங்களில் ஒரு பைக்கின் எஞ்சினை இன்னொன்றின் சட்டத்தில் ஏற்றித்தான் ஓடினோம். 1995 இடப்பெயர்வில் விட்டுப்போனதைத் திரும்பி வந்து கண்டெடுத்து, கிடைத்ததை வைத்துப் பொருத்தியவர்களும் உண்டு. அதில் குற்றம் எதுவுமில்லை. ஆனால் புக்கில் ஒரு இலக்கமும் இரும்பில் இன்னொரு இலக்கமும் இருந்தால், அதை இப்போதே திணைக்களத்தில் சொல்லித் திருத்த வேண்டும். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் குனிந்து பார்த்துக் கண்டுபிடிக்கும்படி விடக்கூடாது.

அடுத்தது பெறுமதி. முகவர் சொன்ன 1 லட்சத்தை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். காரணத்தைக் கணக்கிலேயே காட்டுகிறேன். பல மோட்டார் ஒப்பந்தங்களில் குறைக் காப்புறுதி நிபந்தனை ஒன்று இருக்கும். 8 லட்சம் பெறுமதியான பொருளை 1 லட்சத்துக்குப் போட்டால், அதன் எட்டில் ஒரு பங்குக்குத்தான் கம்பனி பொறுப்பு, மிச்சத்துக்கு நீங்களே உங்களுக்குக் காப்புறுதிக்காரர். யாராவது இடித்து டாங்கியும் மட்கார்டும் நசுங்கி, திருத்த 80,000 ரூபா ஆகிறது என்று வையுங்கள். 1 லட்சத்துக்குள் வருகிறதுதானே, முழுவதும் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். இந்த நிபந்தனைப்படி வருவது 10,000 ரூபா. அதிலும் நீங்கள் பொறுக்க வேண்டிய ஆரம்பத் தொகை என்று ஒன்று இருந்தால் அதையும் கழிப்பார்கள். முழுதாக எரிந்தாலும் களவுபோனாலும் 1 லட்சத்துக்கு மேல் ஒரு சதமும் வராது.

சரி, அப்படியென்றால் 12 லட்சம் என்று எழுதுவோமா? அதுவும் வேண்டாம். சாதாரண ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதினாலும், நட்டம் நடந்த நாளின் சந்தைப் பெறுமதிக்கு மேல் தரமாட்டார்கள். கூடக் கட்டிய காசு வீண். புது டியோவுக்குச் சந்தை விலை என்னவென்று யாரையும் கேட்கலாம். 1950களின் பி.எஸ்.ஏக்குச் சந்தை எங்கே இருக்கிறது? வருடத்தில் ஒன்றிரண்டு கைமாறும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விலை. கோரல் நேரத்தில், பழைய இரும்பு என்று கம்பனி ஒரு விலை சொல்லும், நீங்கள் ஒரு விலை சொல்வீர்கள். அதனால்தான் பழைய வண்டிகளுக்கு முன்கூட்டியே ஒத்துக்கொண்ட பெறுமதியில் எழுதும்படி கேட்கவேண்டும். தகுதியுள்ள வாகன மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கை, சோக் தேய்த்து எடுத்த இலக்கப் படங்கள், நாலு பக்கப் படங்கள், செலவழித்த கராஜ் பில்லுகள், இவற்றோடு போய், இந்தத் தொகைக்கு இரு பகுதியும் ஒத்துக்கொண்டோம் என்று பத்திரத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் ஒருவர் 8 லட்சம் என்று வாயால் கேட்டதை எந்தக் கம்பனியும் ஆதாரமாக எடுக்காது. முகவர் வாயால் சொல்லும் ‘பிரச்சினையில்லை அண்ணை, பார்த்துக்கொள்ளலாம்’ என்பதற்கும் பெறுமதி இல்லை. பத்திரத்தில் இருக்கவேண்டும்.

ஒரு கம்பனி மறுத்தால் இன்னொன்றைக் கேளுங்கள். நாலையும் ஒரே கம்பனியில் வைக்கவேண்டும் என்ற ஆசைக்காகப் பி.எஸ்.ஏயின் பெறுமதியை விட்டுக்கொடுக்க வேண்டாம். எவருமே எழுத மறுத்தால், அதற்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுவிட்டு, மிச்சக் காசில் ஷெட்டுக்கு நல்ல கதவும் சங்கிலியும் தீயணைப்புக் கருவி ஒன்றும் வாங்குங்கள். 1 லட்சத்துக்குப் புல் போடுவதைவிட அது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். வீட்டுக்குக் காப்புறுதி இருந்தால் ஷெட்டில் நிற்கும் பைக்கும் அதில் அடங்கும் என்று சிலர் நம்புகிறார்கள். பொதுவாக வீட்டுக் காப்புறுதியில் மோட்டார் வாகனங்களை விலக்கியிருப்பார்கள்.

பழைய வண்டிக்கு இன்னொரு கேள்வியும் கேட்டு வையுங்கள். உதிரிப்பாகத்துக்குத் தேய்மானம் எவ்வளவு கழிப்பீர்கள்? இங்கிலாந்திலிருந்தோ இந்தியாவிலிருந்தோ ஒரு பாகம் வந்து சேரும் செலவை ஏற்பீர்களா? பழுதான டாங்கியைக் கடையில் புதிதாக வாங்க முடியாது. தட்டி நிமிர்த்தி, குரோம் பூசி, கோடு இழுக்கக் கை வேலைதான். அந்தக் கூலியும் கணக்கில் வரவேண்டும்.

எப்.இசட், டியோ இரண்டுக்கும் புல் போடுங்கள். நாளாந்தம் ஓடுகிற வண்டிகள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பெறுமதியை மட்டும் வருடா வருடம் திருத்துங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய பைக்குகளின் விலை வாங்கிய விலையையும் தாண்டி ஏறியது. பழைய தொகையிலேயே புதுப்பித்துக்கொண்டு வந்தவர்கள் நான் மேலே சொன்ன குறைக் காப்புறுதிக் கணக்கில்தான் அகப்பட்டார்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்த பிறகு நிலைமை மறுபடி மாறுகிறது. இப்போது கூட எழுதி வீணாகக் கட்டவும் இடமுண்டு. சாலிக்குத் தேர்ட் பார்ட்டி போதும். அது அம்மாவின் பெயரில் இருந்தால், அவர் கையெழுத்துப் போடக்கூடிய நிலையில் இருக்கும்போதே என்ன செய்வதென்று பேசி முடிவெடுங்கள்.

மகளின் சாரதி அனுமதிப்பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். ஏ1 வகுப்பு என்றால் 100 சிசி வரைதான் ஓடலாம். சாலிக்கு அது காணும். டியோ 109 சிசிக்கு மேல். ஸ்கூட்டர்தானே, சின்ன வண்டிதானே என்று ஏ1 வகுப்பு அனுமதிப்பத்திரத்தோடு டியோ ஓடுகிற பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அந்த வண்டிக்குரிய வகுப்பு இல்லாமல் ஓடி விபத்து நடந்தால், புல் இன்சூரன்ஸ் கையில் இருந்தும் கோரல் நிற்காது. எப்.இசட், பி.எஸ்.ஏ இரண்டுக்கும் ஏ வகுப்பு வேண்டும். சிநேகிதர் ஒருவர் ‘ஒரு ரவுண்ட் அடிச்சிட்டு வாறன்’ என்று பி.எஸ்.ஏயைக் கேட்டாலும் இதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பின் சீற்றில் ஏறி இருந்து வருபவருக்கு ஏதும் நடந்தால் யார் பொறுப்பு, ஓடுகிறவரின் சொந்தக் காயத்துக்கு என்ன கிடைக்கும் என்பதையும் ஒவ்வொரு பத்திரத்திலும் தனியாகக் கேளுங்கள்.

கல்யாணப் படத்துக்கு வாடகைக்குக் கொடுக்கும் யோசனையை இப்போதைக்கு விடுங்கள். தனிப்பட்ட பாவனைக்கு என்று எழுதிய பத்திரம், காசுக்குக் கொடுத்த அன்று உங்களைக் காப்பாற்றாது. மாப்பிள்ளை ஏறி இருந்து படம் எடுப்பதோடு நின்றால் பரவாயில்லை, கோயில் வீதியில் ஓடிக்காட்டச் சொல்வார்கள். அவரிடம் ஏ வகுப்பு இருக்கிறதா என்று அந்த நேரத்தில் யார் கேட்பது? நெருங்கிய சொந்தத்துக்குக் கொடுப்பதென்றால் எஞ்சினை ஓடவிடாமல், தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திப் படம் எடுக்கட்டும். அப்புறம் வாடகைக்குத்தான் விடப்போகிறேன் என்றால், அதற்குரிய பாவனையைப் பத்திரத்தில் சேர்த்துக் காசு கட்டுங்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு சொல். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டு முற்றத்தில் தண்ணீர் ஏறியது என்று உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளம், புயல் என்பன எல்லாப் பத்திரத்திலும் தானாக அடங்குவதில்லை. மேலதிகமாகச் சேர்க்க வேண்டியிருக்கும். கலவரம், பயங்கரவாதத்துக்கான பாதுகாப்பும் அப்படியே தனிக் கட்டணத்தில் வருவது. 2022 மே 9 வன்முறையில் வாகனங்கள் எரிந்தபோது, அந்த ஒரு வரி பத்திரத்தில் இருந்ததா இல்லையா என்பதுதான் முதலில் பார்க்கப்பட்டது. புல் என்று பெயர் இருப்பதால் எல்லாம் உள்ளே என்று எடுத்துக்கொள்ளாமல், இந்த இரண்டும் இருக்கிறதா என்று பத்திரத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிரீமியத்துக்கு மேல் 18 சதவீத வற் வரியும் வரும் என்பதால், முகவர் சொல்லும் தொகை வரியோடா வரியில்லாமலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாக இன்று இரவே அண்ணருக்கு எழுதுங்கள். அவருடைய கடிதம் வர ஒரு மாதமாவது எடுக்கும். அதுவரை பி.எஸ்.ஏ ஷெட்டிலேயே நிற்கட்டும். அதன் வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியாகி இருந்தால், பாவனையில் இல்லை என்று பிரதேச செயலகத்தில் அறிவிப்பது எப்படி என்றும் கேட்டுவிடுங்கள், நிலுவை ஏறாமல் இருக்கும். கிழமைக்கு ஒரு தடவை வளவுக்குள் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். படலைக்கு வெளியே மட்டும் கொண்டுபோக வேண்டாம்.